யான் குபிஷ் சாகத் துணிந்துதான் குதித்தாரா?

இரண்டாம் உலகப்போர் பற்றிய ஒரு படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். ப்ராக் நகரில் ஹைட்ரிக் என்ற நாஜித் தலைவரைக் கொன்ற செக் பாராட்ரூப்பர் (பாராசூட்டில் குதிக்கும் படைவீரர்) யான் குபிஷ், கடைசியில் தேவாலயத்துக்குள் தன்னைத்தானே சுட்டுக்கொண்டாரா, எதிரியின் கையால் செத்தாரா என்பது உங்கள் முதல் கேள்வி. அதோடு, "இது ஒரு தற்கொலைப் படைதானே? திரும்பி வரவே வேண்டாம் என்றுதானே அனுப்பினார்கள்?" என்று ஒரு வரி. அப்புறம், "அவர்கள் சரணடைந்திருந்தால் அத்தனை அப்பாவிகள் பிழைத்திருப்பார்களே" என்று இன்னொரு வரி. மூன்றையும் சேர்த்துப் படித்தால், நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றுதான் என்று தோன்றுகிறது: அந்த 28 வயது இளைஞர் சாக வேண்டும் என்றே போனாரா? என் பதில், இல்லை. எதை வைத்துச் சொல்கிறேன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் விமானப்படையில் பாராசூட் ஜம்ப் இன்ஸ்ட்ரக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆக்ராவில் ராணுவத்துப் பையன்களுக்குக் குதிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் என் வேலை. குபிஷ் மாதிரி ஆட்கள் மேல் எனக்கு ஆர்வம் வந்தது அந்த வழியில்தான். அவருக்கும் மான்செஸ்டர் அருகே ரிங்வேயில் குதிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் பிரிட்டிஷ் விமானப்படை இன்ஸ்ட்ரக்டர்கள்தான். எனக்குச் செக் மொழி தெரியாது. ஆங்கிலத்தில் வந்ததை மட்டுமே படித்திருக்கிறேன். நான் வரலாற்றாசிரியனும் இல்லை. ஆகவே குதிப்பு, ஆயுதம், காயம் பற்றி நான் சொல்வதை அனுபவத்திலிருந்து வந்ததாகவும், மற்றவற்றைப் படித்ததாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

குபிஷ் பிறந்தது 1913 ஜூன் 24, மொராவியாவில் தோல்னி விலெமோவிட்சே என்ற கிராமத்தில். பெரிய குடும்பம், வசதி இல்லாத குடும்பம். 1935-இல் ராணுவத்தில் சேர்ந்தார். 1938-இல் மூனிக் ஒப்பந்தத்தில் பெரிய நாடுகள் செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப்பகுதியை ஹிட்லருக்குத் தூக்கிக் கொடுத்தபோது அவர் எல்லைக் கோட்டைக் காவலில் இருந்தார். ஒரு குண்டு கூடச் சுடாமல் பின்வாங்கச் சொன்னார்கள். அந்த ஆண்டு கடைசியில் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டு, செங்கல் சூளையில் வேலைக்குப் போனார். அடுத்த ஆண்டு ஜெர்மானியர்கள் மீதி நாட்டையும் பிடித்ததும் எல்லை தாண்டிப் போலந்து போய், அங்கிருந்து பிரெஞ்சு வெளிநாட்டுப் படை, பிறகு பிரான்சில் சண்டை, அதில் ஒரு பதக்கம். பிரான்சும் விழுந்ததும் கப்பலேறி இங்கிலாந்து. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: இரண்டு வருடத்துக்குள் இரண்டு முறை தோற்ற பக்கத்தில் நின்றும், இரண்டு முறையும் உயிரோடு வெளியேறி அடுத்த சண்டைக்குப் போனவர் இவர். சாவைத் தேடுகிறவன் இப்படி எல்லை எல்லையாகத் தாண்டிக்கொண்டிருக்க மாட்டான்.

இந்த வேலைக்கு முதலில் குறிக்கப்பட்டவர் குபிஷே இல்லை. யோசெஃப் காப்ச்சிக், கரெல் ஸ்வோபோடா என்ற இருவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். பயிற்சியில் ஸ்வோபோடாவுக்குத் தலையில் அடிபட்டது. காப்ச்சிக்கின் நெருங்கிய நண்பர் என்பதால் அந்த இடத்துக்குக் குபிஷ் வந்தார். 1941 அக்டோபர் 28 என்று நினைத்திருந்த தேதி இதனால் தள்ளிப்போனது.

டிசம்பர் 28 இரவு 10 மணிக்கு இங்கிலாந்தின் டாங்மியர் தளத்திலிருந்து ஹாலிஃபாக்ஸ் விமானம் கிளம்பியது. இந்த இருவரோடு சில்வர் ஏ, சில்வர் பி என்ற வேறு இரண்டு குழுக்களும் அதே விமானத்தில். இறங்க வேண்டிய இடம் மேற்கே பில்சென் நகருக்கு அருகில். கீழே எங்கும் பனி மூடிக் கிடந்ததால் ஆறு, ரோடு, ரயில் பாதை எதையும் அடையாளம் பிடிக்க முடியவில்லை. இறங்கியதோ ப்ராகுக்குக் கிழக்கே 20, 25 கிலோமீட்டரில், நெஹ்விஸ்டி என்ற கிராமத்து வயலில். இதைப் படிக்கும் பலர் 'என்ன பைலட் இவர்' என்று கேட்கிறார்கள். நிலவொளியில், பனிக்கு மேல், ரேடார் துணை இல்லாமல் ஐரோப்பாவைக் கடந்து போய் அவ்வளவு அருகில் விட்டதே பெரிது. அந்த விமானத்தில் பக்கவாட்டுக் கதவு வழியாகக் குதிப்பதில்லை. தரையில் வெட்டிய ஓட்டை வழியாகக் கால்களை விட்டு உட்கார்ந்து, நேராக விழ வேண்டும். கொஞ்சம் முன்னால் சாய்ந்தாலும் எதிர் விளிம்பில் முகம் இடிக்கும். இருட்டில் தரை எங்கே என்று தெரியாது. எங்கள் பையன்களுக்கு நாங்கள் ஓயாமல் சொல்வது, "கீழே பார்க்காதே, காலைச் சேர்த்து வை, தரை தானாக வரும்" என்று. இருட்டில் தரையை எட்டிப்பிடிக்க ஒரு காலை நீட்டுவது மனித இயல்பு. நீட்டிய கால்தான் போகும். காப்ச்சிக்குக் கால் அடிபட்டது எப்படி என்று யாரும் எழுதிவைக்கவில்லை, ஆனாலும் எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. குபிஷ் காயமின்றி இறங்கினார்.

சரி, இப்போது முக்கியமான கட்டம். ஒருவன் சாகப் போகிறவன் என்றால் அடுத்த ஐந்து மாதம் எதற்கு? அடிபட்ட கால், தவறான ஊர், கையில் போலி அடையாளச் சீட்டு. முதலில் ஒரு கல்குவாரியில் ஒளிந்திருந்தார்கள். பிரெட்டிஸ்லாவ் பௌமன் என்ற மாவு மில்காரர் அவர்களை ப்ராக் எதிர்ப்பு இயக்கத்தோடு கோர்த்துவிட்டார். அதற்குப் பிறகு ஐந்து மாதமும் அவர்கள் இருந்தது வீடுகளில். ஒரு வீட்டில் சில நாள், அடுத்த வீட்டில் சில நாள். ரேஷன் காலத்தில் ஒரு குடும்பம் தன் பங்கு ரொட்டியைப் பிரித்து இரண்டு வாலிபர்களுக்குப் போட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் தூரத்துச் சொந்தம் என்று சொல்ல வேண்டும். மொராவெட்ஸ் குடும்பம், நோவாக் குடும்பம், இன்னும் பலர். குபிஷுக்கு மாரி கோவார்னிகோவா என்ற பெண்ணோடு பழக்கமும் ஏற்பட்டது. எங்கள் துறையில் இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். பாராட்ரூப்பர் என்றால் எல்லோருக்கும் விமானத்திலிருந்து விழும் படம்தான் ஞாபகம் வருகிறது. குதிப்பு சில நிமிடம். எதிரி நாட்டில் தனியாக இறங்குகிறவனை அதற்குப் பிறகு உயிரோடு வைத்திருப்பது முன்பின் தெரியாத யாரோ ஒருவர் வீட்டு அடுக்களைதான்.

1942 மே 27 காலை நடந்ததைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். லிபென் பகுதியில் ரோடு கொண்டை ஊசியாகத் திரும்பும் இடம். ஹைட்ரிக் மேல்மூடி இல்லாத மெர்சிடிஸில், பாதுகாப்பு வண்டி எதுவும் இல்லாமல் வருவது வழக்கம். வால்ச்சிக் என்ற மூன்றாவது ஆள் கார் வருவதைச் சைகையால் தெரிவித்ததும், காப்ச்சிக் குறுக்கே போய் ஸ்டென் துப்பாக்கியை நீட்டினார். துப்பாக்கி சுடவில்லை. இதற்கு ஏகப்பட்ட விளக்கங்கள். பைக்குள் துப்பாக்கியை மறைக்க மேலே போட்டிருந்த புல் மாட்டிக்கொண்டது என்பார்கள். சேஃப்டியை எடுக்க மறந்தார் என்பார்கள். எதற்கும் நிரூபணம் கிடையாது. ஸ்டென் மலிவாகவும் அவசரமாகவும் செய்த ஆயுதம். அதன் மேகசினில் குண்டுகள் இரண்டு வரிசையாக ஏறி, வாயருகே ஒரே வரிசையாகக் குறுகும். அங்கே சிக்குவது அதற்குப் பிறவிக் குணம். புல்லே இல்லாவிட்டாலும் சிக்கியிருக்கலாம் என்பது என் கருத்து, அவ்வளவுதான்.

ஹைட்ரிக் செய்த தவறு, டிரைவரை ஓட்டிக்கொண்டு போகச் சொல்லாமல் வண்டியை நிறுத்தி எழுந்து நின்றது. அப்போதுதான் குபிஷ் குண்டை வீசினார். டாங்கியைத் தகர்க்கும் கைக்குண்டை வெட்டிச் சுருக்கிச் செய்தது அது. விழுந்து மோதியதும் வெடிக்கும், விநாடி கணக்கெல்லாம் இல்லை. காருக்குள் விழவில்லை, வலது பின்சக்கரத்தருகே வெடித்தது. தகரமும், இருக்கைக்குள் திணித்திருந்த குதிரை மயிரும் ஹைட்ரிக்கின் உடம்புக்குள் போயின. இப்படி மோதி வெடிக்கும் குண்டைச் சில மீட்டர் தூரத்தில் நின்று வீசுகிறவனுக்குத் தப்ப நேரமே இல்லை. குபிஷின் முகத்திலும் சிதறல் பாய்ந்து ரத்தம் கண்ணை மறைத்தது. டிராமிலிருந்து இறங்கி நின்ற கூட்டத்தை விலக்க வானத்தை நோக்கிச் சுட்டுவிட்டு, சைக்கிளில் ஏறித் தப்பினார். தப்புவதற்குச் சைக்கிளைத் தயாராக நிறுத்தியிருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ஹைட்ரிக் ஜூன் 4 அன்று புலோவ்கா மருத்துவமனையில் இறந்தார். காயம் சீழ்பிடித்து ரத்தத்தில் நஞ்சேறியதுதான் காரணம் என்பது பொதுவாக ஏற்கப்பட்டது. குண்டில் கிருமி விஷம் தடவியிருந்தது என்ற கதையும் உண்டு, அதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை.

அந்தச் சைக்கிளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரத்தம் வழிய ஓட்டிவந்த குபிஷ், அதை லிபெனில் ஒரு பாட்டா செருப்புக் கடை முன்னால் விட்டுவிட்டு (நம் ஊர்த் தெருவெல்லாம் இருக்கும் அதே பாட்டாதான், அது செக் நாட்டில் தொடங்கிய கம்பெனி) நோவாக் வீட்டுக்கு நடந்து போனார். அந்த வீட்டு அம்மா முகத்தைக் கழுவிவிட்டு, ரயில்வே தொழிலாளி உடுப்பு ஒன்றைக் கொடுத்தார். சைக்கிள் அங்கேயே நின்றால் போலீசுக்கு வழி தெரிந்துவிடுமே என்று, தன் 14 வயது மகள் யிந்திரிஷ்காவை அனுப்பி எடுத்துவரச் சொன்னார். சிறுமி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனதை, கைப்பிடியில் ரத்தம் இருந்ததை, யாரோ பார்த்துவிட்டார்கள். கெஸ்டபோ (நாஜி ரகசியப் போலீஸ்) அந்தப் பகுதிப் பெண்பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி அடையாளம் காட்டச் சொன்னது. அன்று அவள் சிக்கவில்லை. பின்னால் குடும்பமே சிக்கியது.

குபிஷின் கண்ணுக்கு லிச்கா என்ற டாக்டர் மருந்து போட்டார். குபிஷ், காப்ச்சிக், வால்ச்சிக், லண்டன் அனுப்பிய வேறு குழுக்களின் ஆட்கள் நால்வர் என ஏழு பாராட்ரூப்பர்கள் ரெஸ்லோவா தெருவிலுள்ள சிரில், மெதோடியஸ் ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்தின் நிலவறையில் ஒளிந்தார்கள். துறவிகளின் சவப்பெட்டிகளை வைக்கச் சுவரில் குடைந்த மாடங்கள், ஜூனிலும் நடுங்கும் குளிர். வெளியே, ஹைட்ரிக் சாவுக்குப் பழிவாங்க, லிடிட்சே கிராமத்தில் ஜூன் 10 அன்று 173 ஆண்களைச் சுட்டுக்கொன்றார்கள். பெண்களை முகாமுக்கும், குழந்தைகளில் பெரும்பாலோரை விஷவாயுவுக்கும் அனுப்பினார்கள். அந்தக் கிராமத்துக்கும் இவர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஜூன் 18-க்குள் கொலைகாரர்களைக் காட்டாவிட்டால் இன்னும் ரத்தம் ஓடும் என்று அறிவிப்பு. 16-ஆம் தேதி, லண்டனிலிருந்து வந்த வேறொரு குழுவின் பாராட்ரூப்பர் கரெல் சுர்தா, தானே கெஸ்டபோ அலுவலகத்துக்குள் நடந்துபோய்த் தெரிந்ததைச் சொன்னார். தேவாலயம் அவருக்குத் தெரியாது; வீடுகள் தெரியும். மறுநாள் விடியற்காலை மொராவெட்ஸ் வீட்டைத் தட்டினார்கள். அந்த வீட்டம்மா மாரி மொராவ்ட்சோவா சயனைடு கடித்துச் செத்தார். அவர் மகன் ஆத்யாவைச் சித்திரவதை செய்து தேவாலயத்தை அறிந்துகொண்டார்கள். அம்மாவின் தலையை வெட்டி மகனிடம் காட்டினார்கள் என்று சொல்லப்படுவதைப் பல இடங்களில் படித்திருப்பீர்கள். சித்திரவதை உறுதி, அந்தக் காட்சியைப் பிறர் சொல்லக் கேட்ட தகவலாக மட்டுமே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இனி உங்கள் முதல் கேள்வி. 1942 ஜூன் 18 அதிகாலை 4 மணி கடந்ததும் 700-க்கும் மேற்பட்ட எஸ்எஸ் (நாஜிக் கட்சியின் ஆயுதப் படை) படையினர் தேவாலயத்தைச் சுற்றி வளைத்தார்கள். அன்றிரவு ஒபால்கா, பூப்லிக், குபிஷ் மூவரும் நிலவறையில் இல்லை. மேலே பாடகர் குழு நிற்கும் மாடத்தில் காவல் இருந்தார்கள். காப்ச்சிக், வால்ச்சிக், இன்னும் இருவர் கீழே. மாடத்துக்கு ஏறுவதற்குக் குறுகலான சுழல்படி ஒன்றுதான். கைத்துப்பாக்கிகளோடு மூவரும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் தாக்குப்பிடித்தார்கள். இதுவரை உறுதி. மாடத்தில் எல்லாம் அடங்கியபின் ஜெர்மானியர் ஏறிப் பார்த்தபோது குபிஷுக்கு உயிர் இருந்தது, நினைவில்லை. சிதறல் காயங்களால் ரத்தம் நிறையப் போயிருந்தது. எஸ்எஸ் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கொஞ்ச நேரத்திலேயே இறந்துபோனார். பிடித்துப் பேசவைக்கத்தான் கெஸ்டபோ விரும்பியது, அதனால் காப்பாற்ற உண்மையாகவே முயன்றிருப்பார்கள் என்று நம்பலாம்.

தற்கொலை என்ற குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், ஏழு பேரின் முடிவையும் ஒரே வாக்கியத்தில் எழுதிவிடுகிறார்கள். நிலவறையில் இருந்த நால்வரும் கடைசிக் குண்டுகளைத் தங்களுக்கு வைத்துக்கொண்டவர்கள். கண்ணீர்ப்புகை விட்டுப் பார்த்தார்கள், தெருவோரத்துச் சின்னக் காற்றுத் துவாரம் வழியாகத் தீயணைப்பு வண்டியிலிருந்து தண்ணீர் பாய்ச்சினார்கள், உள்ளே இருந்தவர்கள் ஏணி போட்டுக் குழாயை வெளியே தள்ளினார்கள், சாக்கடைக்குச் சுரங்கம் தோண்டப் பார்த்தார்கள். எல்லாம் முடிந்தபின்தான் அந்த நான்கு சாவு. குபிஷுக்கு இது பொருந்தாது. விஷம் எல்லோரிடமும் இருந்தது. மாடத்தில் என்ன நடந்தது என்று சொல்ல மூவரில் ஒருவரும் மிஞ்சவில்லை. ஆகவே அவர் முயன்றே இருக்க மாட்டார் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அவரைக் கொன்றது சண்டையில் பட்ட காயம் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. 29-ஆவது பிறந்தநாளுக்கு ஆறு நாள் இருந்தது. ஜெர்மானியர் தரப்பில் செத்தவர்கள் எத்தனை என்பதை மட்டும் எந்தப் புத்தகத்திலிருந்தும் நம்பி எடுத்து எழுதாதீர்கள். 14 என்று பரவலாகச் சொல்கிறார்கள்; எஸ்எஸ் அறிக்கையிலோ ஐந்து பேருக்குக் காயம் என்று மட்டும். ஜெயித்தவனுக்கும் தோற்றவனுக்கும் எண்ணைக் கூட்டவும் குறைக்கவும் காரணம் இருக்கும்.

தற்கொலைப் படையா என்ற கேள்விக்கு ஓரளவு பதில் சொல்லிவிட்டேன். லண்டனில் இருந்தவர்கள் இதன் ஆபத்தை மறைக்கவில்லை. திரும்ப அழைத்துவர விமானம் எதுவும் காத்திருக்கவில்லை என்பதும் உண்மை. அந்த அர்த்தத்தில் நீங்கள் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியில்தான் எனக்குச் சண்டை. தற்கொலைப் படை என்றால் ஆயுதமும் ஆளும் ஒன்றாகப் போய்விடும். இங்கே ஆளுக்குச் சைக்கிள் இருந்தது, அடுத்த வீடு இருந்தது. தேவாலயத்திலிருந்து நகருக்கு வெளியே கடத்திவிடும் ஏற்பாடும் நடந்துகொண்டிருந்தது. சுர்தா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இவர்களில் சிலர் 1945-ஐப் பார்த்திருக்கலாம். உள்ளூர் எதிர்ப்பு இயக்கம்தான் பழிவாங்கலை நினைத்துப் பயந்து, ஹைட்ரிக்கைக் கொல்ல வேண்டாம் என்று மே மாதம் லண்டனுக்குத் தந்தியடித்தது. அவர்கள் பயந்தது நடந்தது. தந்தியை லண்டன் ஏற்றிருக்க வேண்டுமா என்பதில் செக் மக்களே இன்றுவரை ஒருமித்துப் பேசுவதில்லை. வெளியிலிருந்து நான் தீர்ப்புச் சொல்வது முறையாகாது.

சரணடைந்திருந்தால்? லிடிட்சே செய்தி கேட்டதும் குபிஷும் காப்ச்சிக்கும் ஒரு பூங்காவில் போய் உட்கார்ந்து, 'நாங்கள்தான் செய்தோம்' என்று அட்டை எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு விஷம் குடிக்கலாம் என்று பேசினார்களாம். ஒபால்கா தடுத்தாராம். இது அவர்களோடு பழகியவர்கள் வழியாக வந்த செய்தி, எழுத்தில் ஆதாரம் கேட்டால் கிடைக்காது. அவர்கள் மனம் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு இது போதும். ஆனால் அதனால் யாராவது பிழைத்திருப்பார்களா என்பதற்குத் தேதிகளே பதில் சொல்கின்றன. ஏழு பேரும் செத்தது ஜூன் 18. தெருவில் கிடத்திய உடல்களைச் சுர்தாவே அடையாளம் காட்டினார். தேடியவர்கள் கிடைத்துவிட்டார்கள். அதற்கு ஆறு நாள் கழித்து, ஜூன் 24 அன்று, லெஷாகி என்ற இன்னொரு ஊரை அழித்தார்கள். அன்று குபிஷின் பிறந்தநாள், தற்செயல்தான். தேவாலயத்தின் பிஷப் கொராஸ்த், பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டு கடிதம் எழுதியும், செப்டம்பர் 4 அன்று அவரையும் சுட்டுக்கொன்றார்கள். அக்டோபர் 24 அன்று மௌத்ஹௌசன் முகாமில் ஒரே நாளில் 260-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். குபிஷின் அப்பா, உடன்பிறந்தவர்கள், மாரி கோவார்னிகோவா, சைக்கிள் எடுக்கப்போன யிந்திரிஷ்கா, மொராவெட்ஸ் வீட்டு மகன் ஆத்யா எல்லோரும் அதில் அடக்கம்.

இதில் ஒன்றைக் கவனித்தால் உங்கள் கேள்விக்கு இன்னும் தெளிவு கிடைக்கும். அதே குற்றத்தைச் செய்த காப்ச்சிக்கின் குடும்பத்தார் அப்படிக் கொல்லப்படவில்லை. அவர் ஸ்லோவாக், அவர்கள் ஊர் ஜெர்மனியின் நேரடி ஆட்சிக்கு வெளியே, ஹிட்லருக்குத் தலையாட்டிய ஸ்லோவாக்கிய அரசுக்குள் இருந்தது. குபிஷின் ஊரோ ஜெர்மானியர் நேரடியாக ஆண்ட பகுதிக்குள் இருந்தது. யார் சாக வேண்டும் என்பதைத் தீர்மானித்தது குற்றமோ சரணோ இல்லை, கெஸ்டபோவின் கை எட்டும் தூரம். சுர்தாவைப் பொறுத்தவரை, அப்பாவிகளைக் காப்பாற்றத்தான் காட்டிக்கொடுத்தேன் என்ற சமாதானம் 1947-இல் நீதிமன்றத்தில் எடுபடவில்லை. அவர் வாங்கிய வெகுமதிப் பணமும், போர் முடியும்வரை கெஸ்டபோவுக்குச் செய்த வேலையும் பதிவில் இருந்தன. ஏப்ரல் 29 அன்று தூக்கிலிட்டார்கள்.